பதினான்காம் எண்ணுக்குச் சிவப்புச் சீட்டு

ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்
24 நவம்பர் 2024, ஞாயிறு

அன்பு மைத்துனர் சௌந்தரராஜனுக்கு அத்தான் சந்திரசேகரன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சௌக்கியம். உங்கள் அக்கா வசந்தகுமாரியும் சௌக்கியம் என்றே தெரிகிறது. தெரிகிறது என்று எழுதுவதற்குக் காரணம், அதை அவள் வாயால் கேட்டு இருபத்தொரு நாள் ஆகிறது. பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டில் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"அக்காவுக்குச் சிவப்புச் சீட்டு குடுத்தீங்களாமே அத்தான்" என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டு, பக்கத்தில் நாலு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தீர்கள். சிரிக்கிற விஷயம் இல்லை மாப்பிள்ளை. போனில் விளக்கலாம் என்றால் எங்கள் ஃபிளாட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் சமையலறையில் கேட்கும். மேலும் முப்பத்து மூன்று வருஷம் இங்குள்ள இயந்திரக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் நான். காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் பிரிவின் கொள்கை. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

உங்கள் அக்கா ஏப்ரல் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் எங்கேயோ போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஒரு தன்னார்வச் சங்கம். அப்பா அம்மா இல்லாமல், அல்லது இருந்தும் இல்லாமல், அரசு இல்லத்தில் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பெரியவரைத் துணையாக வைக்கிறார்கள். அந்தத் துணை வாராவாரம் பிள்ளையைப் போய்ப் பார்க்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் பிள்ளையின் வழக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்காகப் பேச வேண்டும். வேலை அவ்வளவுதான், சம்பளம் கிடையாது. இதை நடத்துகிறவர் முகமது யூசுப் என்று ஒரு வாணியம்பாடிக்காரர். வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. கம்பெனி, மீதி இரண்டு நாள் இந்தப் பிள்ளைகள் என்று இருக்கிற நல்ல மனிதர். அவருக்கு ஒரு சிக்கல். நன்கொடை கொடுக்கிறவர்கள், உங்கள் திட்டத்தால் பிள்ளைகளுக்கு உண்மையில் பலன் இருக்கிறதா, அளந்து அறிக்கை கொடுங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டார்கள். அளக்கிற ஆளுக்கு எங்கே போவது என்று அவர் விழித்துக்கொண்டிருந்தபோது, வசந்தா பெருமையாக, எங்க வீட்டுக்காரர் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர் என்று ஒருநாள் சொல்லிவைத்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றேன். டீ கொண்டுவந்த உங்கள் அக்கா, "தம்பி, இவுககிட்ட குடுக்காதீய. எங்க கல்யாண நாளைக்கு நான் கிண்டுன கேசரிக்கே குறை எழுதிக் குடுத்தவுக" என்றாள். அது உண்மைதான். முந்திரி ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தது, எழுதினேன். யூசுப் சிரித்தார். நான் மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, இருபத்திரண்டு தன்னார்வலர்களுக்கும் பெயர் கூடாது, எண் மட்டும்தான், ஏனென்றால் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். இரண்டு, படிவத்தைப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்துதான் நிரப்ப வேண்டும். மூன்று, நான் கையெழுத்துப் போட்டபின் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் தலையில் நானே போட்டுக்கொண்ட கல் அதுதான்.

படிவம் நான் தயாரித்தது. எட்டுக் கேள்விகள். துணை நேரத்துக்கு வருகிறாரா, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா, இந்த மாதிரி. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். சின்னப் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டுமே என்று ஒன்றுக்குப் பக்கத்தில் அழுகிற முகம், ஐந்துக்குப் பக்கத்தில் சிரிக்கிற முகம் என் கையாலேயே வரைந்தேன். படிவங்கள் வந்து சேர்ந்ததும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்துக் கூட்டிக் கழித்தேன். ஆறாம் எண்ணுக்கு எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கேள்விக்கும் ஐந்து. பதினான்காம் எண்ணுக்கு எட்டுக் கேள்விக்கும் ஒன்று, எட்டு அழுகை முகம். மாப்பிள்ளை, நான் மனிதன்தானே. ஆறாம் எண் உங்கள் அக்காதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. பெயர் தெரியக் கூடாது என்று நிபந்தனை போட்டவனே, சமையலறையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஆறாம் எண்ணைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். இன்சொல், பொறுமை, தாயுள்ளம் என்றெல்லாம் எழுதி, கேடயம் வழங்கலாம் என்று முடித்தேன். அந்தக் கையோடு பதினான்காம் எண்ணுக்கு, பணிக்குத் தகுதியற்றவர், உடனே மாற்றுக என்று எழுதி, கம்பெனியில் தேறாத உருப்படிகளின் மேல் கட்டுவோமே அந்தச் சிவப்புச் சீட்டில் ஒன்றை எடுத்து நூல் போட்டுக் கட்டினேன். ஓய்வுபெறும்போது ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்த கட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது.

நவம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மல்காஜ்கிரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மைக்கில் அறிக்கையை வாசித்தேன். முதல் வரிசையில் உங்கள் அக்கா, தீபாவளிக்கு எடுத்த கத்தரிப்பூப் புடவையில். ஆறாம் எண்ணைப் பற்றி வாசிக்கும்போது அவளைப் பார்த்தே வாசித்தேன், தாயுள்ளம் என்கிற இடத்தில் கண்ணைக்கூடச் சிமிட்டினேன். முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஜகதீசன் என்று ஒரு பெரிய மீசைக்காரர் எழுந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். ஆறாம் எண் அவர்தானாம். எனக்கு அங்கேயே வியர்த்துவிட்டது, ஆனாலும் வாசிப்பதை நிறுத்தக் கூடாது என்று பதினான்காம் எண்ணையும் வாசித்து, சிவப்புச் சீட்டை உயர்த்திக் காட்டினேன். உங்கள் அக்கா மெதுவாக எழுந்தாள். "பதினாலு நான்தான்" என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கேஜைப் பாத்தீயளா?" என்றாள். வெளியே போய் ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேஜ் என்பது எங்கள் அளவுகருவி. வரிசையாக நல்ல உருப்படியெல்லாம் தேறாமல் போனால் உருப்படியைத் திட்டாதே, முதலில் கேஜ் சரியாக இருக்கிறதா என்று பார் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தருகிற பாடம். இதைச் சாப்பாட்டு மேஜையில் முப்பது வருஷமாக அவளிடம் சொல்லிவந்தவன் நான். அதைத்தான் அவள் எடுத்து என் முகத்தில் வீசினாள். அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும். வீம்பு விடவில்லை.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். வசந்தாவின் பொறுப்பில் இருப்பது பதினோரு வயதுப் பெண். நிஜப் பெயரை எழுதக் கூடாது என்பது சங்கத்தின் விதி, வர்ஷினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா திருப்பத்தூர் பக்கத்திலிருந்து இங்கே நாச்சாரத்துக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தவர், அம்மா இறந்ததும் எங்கேயோ போய்விட்டார். பிள்ளைக்குத் தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும், அதனால்தான் அதை வசந்தாவிடம் கொடுத்தார்கள். முதல் நாலு மாதம் அந்தப் பதிலும் வரவில்லையாம். வாரம் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே பட்டாணி உரித்துக் காட்டிவிட்டு வருவாளாம் உங்கள் அக்கா. ஆகஸ்டில் ஒருநாள் பிள்ளையும் உரித்திருக்கிறது, அப்புறம் பேசியிருக்கிறது. மல்காஜ்கிரியில் ரமா என்று ஒரு சித்தி இருக்கிறாள், அவளோடு போய் இருக்க வேண்டும் என்பதுதான் அது கேட்டது. சித்திக்கும் ஆசைதான். நவம்பர் பதினெட்டாம் தேதி குழுவின் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். பிள்ளை வாய் திறக்காவிட்டால் வழக்கு பல மாதம் தள்ளிப்போகும். அந்தப் பிள்ளை வாய் திறக்கிற ஒரே ஆளுக்குத்தான் நான் சிவப்புச் சீட்டு கட்டியிருந்தேன்.

சிவப்புச் சீட்டு விழுந்தால் மறுபரிசீலனை முடியும்வரை அந்தத் துணை இல்லத்துக்குப் போகக் கூடாது என்பதும் நான் எழுதிய விதிதான். யூசுப் வீட்டு வாசல்வரை வந்து, "சார், பதினெட்டுக்கு இன்னும் ரெண்டே வாரம்தான் இருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றேன். அவருக்கு வேறு வழியில்லாமல் வசந்தாவுக்குப் பதிலாக ஸ்ரேயா என்கிற சின்னப் பெண்ணை ஒன்பதாம் தேதி சனிக்கிழமை அனுப்பினார். வர்ஷினி இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். ஸ்ரேயா வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுத்தாளாம்.

வீட்டில் எனக்குச் சாப்பாடு நிற்கவில்லை, அதில் உங்கள் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். மேஜையில் தட்டுப்போட்டு மூடி வந்துவிடும். பேச்சுத்தான் பெங்களூர் வழியாக வந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் எங்கள் பையன் தினேஷுக்கு, உங்க அப்பாவை மோட்டாரை நிறுத்தச் சொல்லு என்று அவள் எழுதுவாள். அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்துகொண்டே அதை எனக்கு அனுப்புவான். அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்து கீழ்வீட்டு கிருஷ்ணமூர்த்தி மேலே வந்துவிடுவார். மோட்டார் சுவிட்ச் இருப்பது சமையலறைக்கு வெளியே, அவளுக்கு இரண்டு அடி தூரத்தில்.

பதினான்காம் தேதி எனக்குத் தூக்கம் கெட்டுப்போய், இல்லத்தின் வருகைப் பதிவேட்டின் நகலை யூசுப்பிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டியது. பதினான்காம் எண் ஏப்ரலிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை, ரோடெல்லாம் முழங்காலளவு தண்ணீர் நின்ற சனிக்கிழமையிலும் பத்து மணிக்குக் கையெழுத்து. அப்படியானால் நேரத்துக்கு வருகிறாரா என்பதற்கு ஏன் ஒன்று? ஆறாம் எண் வருஷத்தில் இரண்டே தடவை வந்திருக்கிறார், இரண்டு தடவையும் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். அவருக்கு ஏன் ஐந்து? மற்ற எண்களையும் எடுத்துவைத்தேன். வாராவாரம் போகிறவர்களுக்கெல்லாம் ஒன்றும் இரண்டும், எட்டிப்பார்க்காதவர்களுக்கெல்லாம் நாலும் ஐந்தும். கேஜ் தலைகீழாக நின்றது மாப்பிள்ளை. யூசுப்பைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் ஒன்று என்பதை ஒன்றாம் ரேங்க் என்று நினைத்திருப்பார்கள் சார் என்று சந்தோஷப்பட்டார். நானும் பட்டேன், அழுகை முகத்தை வரைந்தது ஞாபகம் வருகிற வரைக்கும். ஒன்றாம் ரேங்க் வாங்கியவர் எதற்கு அழுகிறார்?

அதனால் பதினாறாம் தேதி சனிக்கிழமை, யூசுப்பின் அனுமதியோடும் இல்லத்துக் கண்காணிப்பாளர் அம்மாள் பக்கத்திலேயே இருக்கவும், நானே போனேன். சரியாகப் பத்து மணி. வர்ஷினி கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைக் கண்டதும் அவள் பார்வை எனக்குப் பின்னால் போய், அங்கே யாரும் இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தது. படிவத்தைக் காட்டி, ஏன்மா எல்லாத்துக்கும் ஒன்று போட்டாய் என்று தமிழில் கேட்டேன். அவள் மறுபடி கேட்டைப் பார்த்தாள். உங்கள் அக்காவின் வைத்தியம் ஞாபகம் வந்து, சமையல்கார அம்மாவிடம் ஒரு தட்டுப் பட்டாணி வாங்கி உரிக்க உட்கார்ந்தேன். நான் உரித்ததில் பாதி தரையில் உருண்டது. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

உரித்துக்கொண்டே சொன்னாள். "ஐது வேஸ்தே தீஸ்கெள்ளிபோதாரு." ஐந்து போட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். போன வருஷம் அவளுக்கு சௌம்யா என்று ஒரு துணை இருந்தாள். அவளைப் பிடித்துப்போய், சங்கம் அப்போது வைத்திருந்த ஒரு சின்னப் படிவத்தில் வர்ஷினி எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருக்கிறாள். சங்கத்தில் சௌம்யாவுக்குப் பரிசு கொடுத்து, நீ மற்றவர்களுக்குப் பயிற்சி கொடு என்று ஆபீசுக்குத் தூக்கிவிட்டார்கள். நல்ல ஆளை மேலே ஏற்றுவது எங்கேயும் உள்ள வழக்கம்தானே, யாரும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஐந்து போட்டால் ஆள் போய்விடும். அவர்கள் இரவுச் சாப்பாட்டு வரிசையில் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். யார் வேண்டுமோ அவர்களுக்கு ஒன்று, யார் போய்த் தொலைந்தால் தேவலையோ அவர்களுக்கு ஐந்து. மீசைக்காரர் ஜகதீசனை மேலே அனுப்ப மொத்த இல்லமும் ஒற்றுமையாக ஐந்து போட்டிருக்கிறது. நான் கேடயமும் சிபாரிசு செய்திருந்தேன்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி ராவாலண்டே எந்த வெய்யாலி?"

ஆன்ட்டி வர வேண்டுமானால் எத்தனை போட வேண்டும் என்று கேட்கிறாள் மாப்பிள்ளை. போன தடவை ஐந்து போட்டாள், ஆள் போயிற்று. இந்தத் தடவை ஒன்று போட்டாள், அதற்கும் ஆள் போயிற்று. இரண்டு சனிக்கிழமையாக இதையே யோசித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. எத்தனையோ பேர் என் அறிக்கையோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் பதில் வைத்திருந்தேன். இவளுக்கு முன்னால் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். "நீ ஒண்ணும் போட வேண்டாம்மா. தப்பு உன் மார்க்ல இல்ல, என் கேஜ்ல" என்றேன். புரிந்ததோ என்னவோ, கீழே உருண்ட பட்டாணியை எல்லாம் பொறுக்கி என் கையில் கொடுத்தாள்.

அன்றைக்கே உட்கார்ந்து அறிக்கையை மாற்றி எழுதினேன். கையெழுத்துப் போட்டதை மாற்றுவது என் வாழ்க்கையில் முதல் தடவை. பழைய அறிக்கையின் மேல் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினேன், ஆய்வாளர் பெயர் சந்திரசேகரன் என்று. புதியதில் எழுதியது இவ்வளவுதான். இந்தத் திட்டத்தால் பலன் உண்டா என்றால் உண்டு. ஒரே ஆள் விடாமல் வருகிற இடத்தில் பிள்ளை பேசுகிறது, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறது. ஆளை மாற்றுகிற இடத்தில் பழையபடி வாயை மூடிக்கொள்கிறது. ஆகவே பிள்ளையின் வழக்கு முடிகிறவரை பரிசு கிடையாது, பதவி உயர்வு கிடையாது, யாரையும் நகர்த்தக் கூடாது. மதிப்பெண் படிவத்தைக் கிழித்துப் போடலாம், வருகைப் பதிவேடு போதும். ஜகதீசனை மட்டும் பயிற்சியாளராக்கி ஆபீசிலேயே வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளின் தீர்ப்பில் நான் தலையிட விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யூசுப்பின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே உங்கள் அக்காவுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை குழுவின் முன்னால் வசந்தா உட்கார்ந்தாள், பக்கத்தில் வர்ஷினி. எனக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெளியே பெஞ்சில் சித்தி ரமாவோடு உட்கார்ந்திருந்தேன், அந்த அம்மா துப்பட்டா நுனியைப் பிரித்து நூலாக்கிவிட்டாள். அரை மணி கழித்துக் கதவு திறந்தது. பிள்ளை பேசியிருக்கிறது, தெலுங்கில், கேட்டவர்களே போதும் என்று சொல்லுகிற அளவுக்குப் பேசியிருக்கிறது. முதலில் வாரக் கடைசிகளில் சித்தி வீட்டில், எல்லாம் சரியாக இருந்தால் சங்கராந்தி விடுமுறைக்குப் பின் அங்கேயே என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்றுத்தான் அதில் முதல் சனிக்கிழமை. நன்கொடைக்காரர்களும் புது அறிக்கையைப் படித்துவிட்டு, ஒரு வருஷம் தொடரலாம் போலிருக்கிறது என்று யூசுப்பிடம் சொன்னார்களாம்.

இத்தனை நடந்தும் உங்கள் அக்கா என்னிடம் பேசவில்லை. வர்ஷினியிடம் பேசுகிறாள், ரமாவிடம் பேசுகிறாள், கீழ்வீட்டு கிருஷ்ணமூர்த்தியிடம்கூட மோட்டாரைப் பற்றிப் பேசுகிறாள். அறிக்கையைத் திருத்தினேனே தவிர அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதுதான் காரணம் என்று தினேஷ் சொல்கிறான். எங்கள் பிரிவில் மன்னிப்புக்குப் படிவம் கிடையாது, எனக்குப் பழக்கமும் இல்லை. அவளைப் பற்றி ஏதோ ஒரு எண் சொன்னதை நம்பி, நாற்பது வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்ததை மறந்தேன், அது தப்பு. உங்களிடம் எழுத வருகிறது, அவள் எதிரில் நின்றால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அதனால் நீங்கள் அடுத்த சனிக்கிழமை ரயிலேறி ஒரு நடை இங்கே வந்து, என் சார்பில் அந்த வார்த்தையை அவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு நானே வந்து அழைத்துப்போகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். எல்லாரும் நீண்ட ஆயுளோடும், முக்கியமாகப் பேச்சு வார்த்தையோடும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
சந்திரசேகரன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, ரயிலேற வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவு எண் ஞாபகம் இல்லாமல், கவரில் எழுதித் தரும்படி கடிதத்தை மேஜையில் உங்கள் அக்கா பக்கம் தள்ளிவைத்தேன். ஒட்டாமல்தான் வைத்தேன், அதைத் தெரிந்து செய்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். இருபத்தொரு நாள் என்பதை அடித்துவிட்டு, "நடுவில் ஒருநாள் கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்டேன், அதைக் கழிக்கவும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். கேசரியில் முந்திரி சரியாகத்தான் இருந்தது என்றும் எழுதியிருக்கிறாள். கடைசியில் என் கையெழுத்துக்குக் கீழே மதிப்பெண் போட்டிருக்கிறாள். ஒன்று. பக்கத்தில் நான் வரைகிற மாதிரியே ஒரு அழுகை முகம். இது என் படிவத்தின் கணக்கா, வர்ஷினியின் கணக்கா என்று கேட்டேன். "கேஜைப் பாத்துக்கிடுங்க" என்றாள், என்னைப் பார்த்து, நேராக, பெங்களூர் வழியாக இல்லாமல். பார்த்துவிட்டேன் மாப்பிள்ளை. இப்போது அவள் பட்டாணி உரிக்கக் கூப்பிடுகிறாள், நான் போக வேண்டும்.